மரத்தூள் சொல்லும் சேதி

"இன்னா பேங்க் சார், மரம் மாவு கொட்டுது, பார்க்கலியா?"

போன வருஷம் தை மாசம் களை எடுக்க வந்த அம்மா கேட்ட கேள்வி இது. எங்கள் மணலி புதுநகரை ஒட்டிய என் சிறு தோட்டத்தில் பங்கனபள்ளி மா மூன்று நிற்கின்றன. அதில் ஒன்றின் அடியில் நார்நாராக மரத்தூள் கிடந்தது. பட்டையில் பிசின் வழிந்து காய்ந்திருந்தது. கரையான்தானே என்று நான் விட்டுவிட்டேன். சித்திரையில் மரம் பட்டுப்போனது. முப்பது வருஷம் வங்கியில் வாராக்கடன் பார்த்தவன் நான். முன்னெச்சரிக்கையைப் படிக்கத் தவறினால் அசலே போய்விடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் மரத்தடியில் கோட்டை விட்டேன்.

அது கரையான் இல்லை. கரையான் என்றால் மண்புற்று பூசியிருக்கும். நார்நாரான தூள் கொட்டினால் உள்ளே நீள்கொம்பு வண்டின் புழு இருக்கிறது என்று பொருள்.

மரத்தைத் தின்னும் மூன்று குடும்பங்கள்

மரம் துளைக்கும் வண்டுகளில் நாம் அறியவேண்டிய குடும்பங்கள் மூன்று.

முதலாவது நீள்கொம்பு வண்டுகள். உலகில் 30,000 வகைக்கு மேல் உண்டு. பலவற்றுக்கு உணர்கொம்பு உடம்பைவிட நீளம். கையில் பிடித்தால் கழுத்தைத் தேய்த்து 'கிரீச்' என்று சத்தம் போடும். வெளியேறும் துளை பெரும்பாலும் வட்டமாக இருக்கும்.

இரண்டாவது, நாம் சின்ன வயசில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த பொன்வண்டின் குடும்பம். பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்கிறது. அதன் சொந்தக்காரர்கள் பலர் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே தட்டையாகக் குடைவார்கள்.

மூன்றாவது மாவு வண்டுகள். குண்டூசி பருமனில் துளை போட்டு, கோதுமை மாவு போலத் தூள் கொட்டும். வெட்டிய மரமும் மூங்கிலும்தான் இவற்றின் சாப்பாடு. கட்டையில் உள்ள மாவுச்சத்துதான் குறி. நம் பெரியவர்கள் மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டதன் காரணம் இதுதான். ஊறினால் மாவுச்சத்து கரைந்துபோகும்.

தென்னைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு வேறு சாதி. அதன் புழு வளர்வது எருக்குழியில்.

என் மரத்தில் நடந்தது

மாவின் தண்டைத் துளைப்பது ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும் சாம்பல் நிற வண்டு. கழுத்துப் பகுதியில் இரண்டு செம்மஞ்சள் பொட்டு இருக்கும். தாய் வண்டு பட்டையைக் கடித்துக் கீறி, ஒவ்வொரு முட்டையாக வைக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரியும் புழு மரத்துக்குள் நுழைந்து மாதக்கணக்கில் குடையும். விரல் நீளத்துக்கு, பால் நிறத்தில் வளரும். சத்தும் நீரும் போகும் பாதை அறுபடுவதால் கிளை காயும். புழு உள்ளேயே கூட்டுப்புழுவாகி, மழைக்காலத்தை ஒட்டி வண்டாக வெளியே வரும். வருஷத்துக்கு ஒரு தலைமுறை. பலா, முருங்கை, இலவம், அத்தி மரங்களிலும் இது பிழைக்கும்.

ஏன் என் மரத்துக்கு வந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொசஸ்தலையாற்று வெள்ளம் எங்கள் பகுதியை மூழ்கடித்தது. தோட்டத்திலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வேர் மூச்சுத் திணறியது. நலிந்த மரத்தைத்தான் இந்த வண்டுகள் பெரும்பாலும் தேடும். தெம்பான மரம் பிசினை வடித்தே இளம்புழுவை மூழ்கடிக்கும்.

அடுத்து நான் செய்த தப்பு பெரிது. பட்ட மரத்தை வெட்டி, விறகாகட்டும் என்று மற்ற இரு மரங்களுக்கு நடுவே அடுக்கினேன். வெட்டிய கட்டைக்குள்ளும் வளர்ந்த புழு பிழைத்து வண்டாகும் என்று அப்போது தெரியாது. ஆடியில் வாசல் விளக்குக்கு வண்டுகள் வந்தன. பேரப்பிள்ளைகளோடு நானும் வேடிக்கை பார்த்தேன். ஐப்பசியில் மீதி இரண்டு மரத்திலும் தூள்!

விஷமில்லாமல் செய்தது

துளையில் பூச்சிமருந்து ஊற்றச் சொன்னார்கள் சிலர். தின்னும் பழத்தின் மரத்தில் அதற்கு மனசு வரவில்லை. தூள் ஈரமாக, புதிதாக வரும் துளையைத் தேடி, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுக் குத்தி இழுத்தேன். இரண்டு மரத்திலும் சேர்த்து ஏழு புழு. வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசினேன். வாரம் ஒருமுறை மரத்தடியைப் பெருக்கிவிட்டுப் பார்ப்பேன். பெருக்கிய இடத்தில் புதுத்தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். விறகை அடுப்புக்குக் கொடுத்துத் தீர்த்தேன். காய்ந்த கிளைகளையும் அறுத்து எரித்தேன். நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினேன். இரண்டு மரமும் இந்தப் பங்குனியில் பிஞ்சு பிடித்திருக்கின்றன.

புதிதாக நடுகிறவர்கள் நீலம், ஹுமாயூதீன் ரகங்களைப் பாருங்கள். இந்தப் பூச்சியைத் தாங்குபவை என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவை.

துறைமுகப் பலகை வாங்குவோர் கவனத்துக்கு

எங்கள் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் அதிகம். பழைய பேலட் பலகை மலிவாகக் கிடைக்கும். ஆட்டுக் கொட்டகைக்கும் பந்தலுக்கும் வாங்குகிறோம். 1996இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் தென்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு, சரக்குப் பெட்டிப் பலகையில் பயணம் போனதுதான். ஆயிரக்கணக்கான மரங்களை அங்கே வெட்டவேண்டி வந்தது. அதன்பிறகு வந்த சர்வதேச விதிப்படி, ஏற்றுமதிப் பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைக்கவேண்டும், அல்லது புகைமூட்டவேண்டும். கதிர்ச் சின்னத்தோடு 'ஹெச்டி' முத்திரை இருந்தால் சூடேற்றியது. 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. அதைத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். முத்திரை இருந்தாலும் தட்டிப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் வேண்டாம்.

வண்டு மேல் எனக்குக் கோபமில்லை. காட்டில் பட்ட மரத்தை மக்கவைத்து மண்ணுக்குத் திருப்புவதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. மரங்கொத்திக்குச் சோறும் இவைதான். என் மரம் நலிந்ததும் அது தன் வேலையைப் பார்த்தது; நான்தான் என் வேலையைப் பார்க்கவில்லை. நாளைக் காலை தோட்டத்துக்குப் போனதும் மரத்தடியைக் குனிந்து ஒருதரம் பார்த்துவிடுங்கள்.