நெஞ்சுப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

கிளினிக்குக்குக் கொண்டுபோகும் கைப்பிள்ளையின் இடது தோளை மிட்வைஃப் தடவிப் பார்ப்பார். பிறந்த உடனே போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு அங்கே விழுந்திருக்கிறதா என்று தேடுகிறார். காசநோய்க்கு எதிரான ஊசி அது. தழும்பு இருந்தால் தாய்க்கு நிம்மதி. ஆறு மாதமாகியும் இல்லாவிட்டால் இன்னொரு முறை போடச் சொல்வார்கள்.

அதே பிள்ளை வளர்ந்து, சவூதிக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போக ‘மெடிக்கல்’ எடுக்கும்போது, நுரையீரலில் ஒரு தழும்பு தெரிந்தாலே பயணம் நின்றுவிடலாம்.

தேற்றாத்தீவு மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கிற ஊர். இந்தக் கரையோர ஊர்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத ஒழுங்கை குறைவு. நகையை ஈடுவைத்து, வட்டிக்கு எடுத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் மெடிக்கல் எடுக்கிறார்கள். திரும்பி வரும் சொல் சில நேரம் ஒன்றே ஒன்றுதான்: “பெயிலாம்.” பிறகு கிணற்றடியில் கேள்வி தொடங்கும். “என்னகா, அவளுக்கு என்ன வருத்தமாம்?” கடனை விடவும் அந்தக் கேள்விதான் ஒரு குடும்பத்தை அதிகம் வாட்டுகிறது.

வளைகுடாவின் ஆறு நாடுகளும் தாங்கள் அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே இந்தச் சோதனையை ஏற்கின்றன. நிறை, இரத்த அழுத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே பார்ப்பார்கள், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிசு ஆகியவற்றுக்கு இரத்தம் எடுப்பார்கள்; பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. போய் இறங்கிய பிறகு அங்கே மறுபடியும் ஒரு சோதனை. இவற்றில் அதிகம் விளங்கிக்கொள்ளப்படாதது, காசநோயைத் தேடும் அந்த எக்ஸ்ரேதான்.

காசநோய்க் கிருமி காற்றோடு உள்ளே போனதும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் அது எப்போதோ தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களின் உடலில் எதிர்ப்புக் கலங்கள் கிருமியைச் சூழ்ந்து, சின்னக் கோட்டை ஒன்றைக் கட்டி அடைத்துவிடுகின்றன. ஆண்டுகள் போகப் போக அந்த இடத்தில் கல்சியம் படியும். எலும்பைப் போலவே கல்சியமும் எக்ஸ்ரே கதிரை மறிப்பதால், படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. உடல் ஒரு சண்டையில் வென்ற இடம் அது. மருந்து எடுத்து முழுதாகக் குணமானவர்களுக்கும் இப்படி ஒரு தடம் எஞ்சலாம். எந்த மருந்தாலும் அதை அழிக்க முடியாது.

வேலை கொடுக்கும் நாட்டின் பயத்திலும் நியாயம் உண்டு. பணிப்பெண் கைக்குழந்தையோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர். பழைய தழும்புக்குள் உறங்கும் கிருமி சிலருக்கு மீண்டும் விழிக்கும் என்பதும் உண்மை. ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பழையதா புதியதா என்று எந்த வைத்தியராலும் எப்போதும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதே! சளியை எடுத்துக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் கருவி இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. சளியில் கிருமியை வளர்த்துப் பார்க்கச் சில வாரங்கள் செல்லும். சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டாலும் புள்ளி வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இவை எதையும் செய்யாமல், தழும்பைக் கண்ட மாத்திரத்தில் ஆளைத் திருப்பி அனுப்பும் விதி அறிவியலுக்கு ஒவ்வாதது.

இரத்தத்திலும் தழும்புகள் உண்டு. சிபிலிசு குணமான பிறகும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் ஆயுள் முழுதும் இருக்கும். ஈரல் அழற்சி சி குணமானவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு, வைரசையே நேரடியாகத் தேடும் அடுத்த சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

நோயே இல்லாதவருக்கும் ‘உண்டு’ என்று வரலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் ஐந்து பேருக்குத்தான் நோய். நோயில்லாத இருநூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே தவறாகச் சொல்லும் மிக நல்ல சோதனை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஐம்பது பேருக்குத் தவறான முடிவு வரும். நோயுள்ள ஐந்து பேருக்கு நோயில்லாத ஐம்பது பேர்! இதனால்தான் முதல் சோதனையோடு எந்த நல்ல ஆய்வுகூடமும் முடிவு கட்டுவதில்லை. வேலை கேட்டு வருபவருக்கு, அவர் வேறு நாட்டிலிருந்து வருபவராக இருந்தாலும், எச்.ஐ.வி. சோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 2010ஆம் ஆண்டிலேயே தன் 200ஆம் இலக்கப் பரிந்துரையில் சொல்லிவிட்டது. நடைமுறை அதற்கு வெகு தூரத்தில் நிற்கிறது.

தேற்றா மரத்தால் வந்த பெயர் தேற்றாத்தீவுக்கு என்பார்கள். அதன் கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிட்டால், கலங்கல் நீரின் மண்டி அடியில் படியும். சற்றுப் பொறுத்திருந்துதான் மேலே தெளிந்த நீரை மொண்டு குடிக்க வேண்டும். மெடிக்கல் பெயில் என்று வந்தவர்களும் அந்தப் பொறுமையோடு ஒரு காரியம் செய்ய வேண்டும். எக்ஸ்ரே படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அவற்றோடு மட்டக்களப்பு மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனைக்கு அங்கே காசு இல்லை. நோய் இருந்தால் ஆறு மாத மருந்தும் இலவசம். இடையில் விடாமல் எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், நகையை ஈடுவைக்குமுன் ஊரிலேயே ஒரு நெஞ்சுப் படம் எடுத்து வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். கிணற்றடியில் யாராவது “என்ன வருத்தமாம்?” என்று கேட்டால், கேட்கிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.