உங்களுக்குத் தெரியுமா? காங்கோவில் ஓட்டுப் போடுவது

● காங்கோ ஜனநாயகக் குடியரசின் தேசியப் பேரவைக்கு 500 இடங்கள். 2006 ஜூலை 30 அன்று அவற்றுக்குப் போட்டியிட்டவர்கள் 9,000-க்கும் மேல். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பல கட்சிகள் மோதிய முதல் தேர்தல் அது. தலைநகர் கின்ஷாசாவில் வாக்குச்சீட்டு சுவரொட்டி அளவில், பல பக்கங்களாக அச்சாகி வந்தது. அடுத்து 2011-ல் வேட்பாளர்கள் 18,000-ஐத் தாண்டினார்கள்!

● விடுதலைக்கு முந்தைய மாதம், 1960 மே. 137 இடங்களுக்கு நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் பாட்ரிஸ் லுமும்பாவின் கட்சி முதலிடம் பிடித்தது, அவர் பிரதமரானார். அன்று ஓட்டுரிமை ஆண்களுக்கு மட்டுமே. ஜூடித் சுமின்வா முதல் பெண் பிரதமராக நியமிக்கப்பட்டது 2024 ஏப்ரலில்தான்.

● நாட்டின் பரப்பு இந்தியாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தார்ச்சாலையோ மிகக் குறைவு. தேர்தல் பொருள்கள் ஹெலிகாப்டர், படகு, மோட்டார் சைக்கிள் என்று மாறி மாறிப் போகும். அதற்கு மேல் தலைச்சுமைதான்.

● 2018-ல் தென்கொரியாவிலிருந்து வாக்கு இயந்திரங்கள் வந்தன. நம் ஊர் இயந்திரத்திலிருந்து அவை வேறுபட்டவை. தொடுதிரையில் வேட்பாளரின் படத்தைத் தொட்டால் சீட்டு அச்சாகி வெளியே வரும். அதை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எண்ணுவது கையால். வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில் கின்ஷாசா கிடங்கில் தீப்பிடித்து, தலைநகருக்கென்று வைத்திருந்த இயந்திரங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. டிசம்பர் 23-ல் நடக்க வேண்டிய தேர்தல் 30-க்குத் தள்ளிப்போனது.

● அந்த டிசம்பர் 30 அன்று கிழக்கே பேனி, புட்டெம்போ பகுதிகளில் ஓட்டுப் பெட்டிகள் வரவில்லை. எபோலாவும் ஆயுதக் குழுக்களின் தாக்குதலும் காரணம் என்றது தேர்தல் ஆணையம். மேற்கே வன்முறையில் சிக்கிய யும்பிக்கும் அதே நிலை. ஆனால் பேனி மக்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போகலாம், ஓட்டுப் போட மட்டும் கூடாதா என்று கேட்டார்கள். தாங்களே வாக்குச்சாவடி அமைத்து, எபோலா பரவாமலிருக்கக் கை கழுவிவிட்டு வரிசையில் நின்று, காகிதச் சீட்டில் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டுகள் எந்தக் கணக்கிலும் சேராது என்று தெரிந்தே போட்டார்கள். இவர்களைவிட ஓட்டின் மதிப்பை அறிந்தவர்கள் யார்? இப்பகுதிகளுக்கான நாடாளுமன்றத் தேர்தல் 2019 மார்ச் 31 அன்று நடந்தது. அதற்குள் புதிய அதிபர் பதவியேற்று இரண்டு மாதம் கடந்திருந்தது.

● அந்தப் புதிய அதிபர் ஃபெலிக்ஸ் சிசெகேடி எதிரணிக்காரர். பேரவையிலோ முந்தைய அதிபர் ஜோசப் கபிலாவின் கூட்டணிக்கு 300-க்கும் மேற்பட்ட இடங்கள். 2020 டிசம்பரில் இருவருக்கும் இடையிலான உறவு முறிந்தது; உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக அணி மாறினார்கள். அடுத்த மாதமே கபிலா தரப்புப் பிரதமர், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். மக்கள் ஒரு தரப்புக்குத் தந்த பெரும்பான்மை, தேர்தலே இல்லாமல் மறு தரப்புக்குக் கைமாறியது.

● பலருக்கு வாக்காளர் அட்டைதான் ஒரே அடையாள அட்டை. வங்கிக்கும் அதுதான், பயணத்துக்கும் அதுதான். 2023 தேர்தலுக்காகத் தந்த அட்டைகளில் எழுத்தும் படமும் சில மாதங்களிலேயே மங்கிவிட்டன. நகல் அட்டைக்காக மக்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

● 2023 டிசம்பர் தேர்தலுக்குப் பின், முறைகேடு செய்ததாக 82 வேட்பாளர்களின் ஓட்டுகளைத் தேர்தல் ஆணையமே செல்லாதென அறிவித்தது. வாக்கு இயந்திரங்களைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மாசிமனிம்பா, யாகோமா தொகுதிகளில் தேர்தலே ரத்தானது; மறுதேர்தல் நடக்க ஓராண்டு ஆனது.

● மாசிசி, ருட்சுரு, குவாமவுத் பகுதிகளில் 2023 டிசம்பரில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. காரணம் சண்டை. அடுத்த முறை காங்கோ தேர்தல் செய்தி கண்ணில் பட்டால், வென்றவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊரில் ஓட்டுப் பெட்டி வரவில்லை என்பதையும் தேடிப் படியுங்கள்.