ஆடுகளமும் அறிவும்

சவ்வாது மலையின் அடிவாரத்தில் ஆலங்காயம் என்னும் ஊர் உள்ளது. தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற வாணியம்பாடி அதற்கு அண்மையில் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் மாலைவேளையில் சிறுவர் சடுகுடு ஆடுவர். இன்று கபடி என வழங்குவதும் அதுவே. வகுப்பில் முதலிடம் பெறும் மாணவரை அத்திடலில் காண்பது அரிது. “படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?” என்று வீட்டார் தடுத்துவிடுகின்றனர். இஃது அன்பினால் நேரும் பிழை.

நுண்ணறிவு மிக்க மாணவருக்குப் பாடங்கள் எளிதில் வந்துவிடுகின்றன. ஆதலின், இடறி விழுந்து எழும் வாய்ப்பு அவருக்கு நெடுநாள் வாய்ப்பதில்லை. பின்னர்க் கடினமான தேர்வொன்றில் பின்தங்கும்போது மதிப்பெண்ணோடு மனமும் சரிந்துவிடுகிறது. அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. தோல்வியைத் தாங்கப் பழகாமையே காரணம்.

சடுகுடுவில் அப்பழக்கம் நாள்தோறும் கிடைக்கிறது. பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிரணியினர் 7 பேரையும் கண்ணால் அளக்க வேண்டும். தொடுவதா, திரும்புவதா என்பதை 30 விநாடிக்குள் துணிய வேண்டும். அச்சம் மிகுந்தால் மூச்சு அறும். மூச்சு அறுந்தால் ஆட்டம் போகும். பிடிபட்டவர் வெளியே அமர்கிறார். ஆயினும், தம் அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தியதும் மீண்டும் களம் புகுகிறார்!

ஆனால், ஆடினால் மட்டும் போதாது. ஆண்டுக்கணக்கில் ஆடியும் சினம் அடங்காதவர் உண்டு. இங்கேதான் உடற்கல்வி ஆசிரியர் தேவைப்படுகிறார். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அதுமுதல் இப்பணிக்கென்றே பயின்றவர்கள் அங்கு உருவாகி வருகின்றனர். நல்லாசிரியர், பிடிபட்ட மாணவரைக் கடிந்துகொள்ளார். “உன் கண் அப்போது எங்கே இருந்தது? மனத்தில் என்ன ஓடியது?” என்று வினவுவார். அடுத்த முறை புறப்படுமுன் மூச்சை அடக்கி, செல்லும் வழியை மனக்கண்ணில் காணச் செய்வார். தேர்வறையில் விடை தோன்றாத கணக்கின் முன்னும் அம்மூச்சே உதவும் என்பதை வாய்விட்டுக் கூறுவார். கூறாவிடில் களத்தில் கற்றது களத்திலேயே நின்றுவிடும்.

2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில், உலகச் சதுரங்கப் பட்டத்திற்குப் போட்டியிட்ட சென்னை இளைஞர் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அவருக்கு மனப்பயிற்சி அளித்தவர் பேடி அப்டன். 2011இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்கும் அப்பயிற்சி அளித்தவர். மைதானத்தில் கைவந்த கலை சதுரங்கப் பலகைக்கும் பயன்பட்டது. 12ஆம் ஆட்டத்தில் குகேஷ் மீண்டும் தோற்றார். 14ஆம் ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலகப் பட்டத்தைப் பெற்றார்.