காட் மீனிடம் இல்லாத புரதம்

காட் லிவர் ஆயில் மாத்திரை விழுங்கி வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்த ஈரலுக்குச் சொந்தக்காரரான அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுப்பை நார்வே ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். எலும்புள்ள மீன் எதற்கும் இருந்தே தீரும் என்று நம்பப்பட்ட எம்ஹெச்சி-2 என்ற புரதத்துக்கான மரபணுக்களை அதில் காணோம்.

பாக்டீரியாவை விழுங்கிச் சிதைத்த செல், அதன் துணுக்கொன்றை எம்ஹெச்சி-2இல் ஏந்தி வெளியே நீட்டும். பிடிபட்ட திருடனின் சட்டைத் துண்டைக் காவலரிடம் காட்டுகிற மாதிரி. அதைப் பார்த்து உஷாராவது, சிடி4 புரதம் தாங்கிய உதவி டி செல்கள். அவை கைகொடுத்தால்தான் குறிபார்த்துத் தாக்கும் ஆன்டிபாடிகள் சரியாக உருவாகும். காட் மீனிடம் சிடி4 புரதமும் இல்லை. நம் உடலில் எச்ஐவி அழிப்பது இந்த சிடி4 செல்களைத்தான். அவை குறைந்தால் மனிதர் படும் பாடு தெரிந்ததே. காட் மீனோ, ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் மிதக்கும் கடல்நீரில் பிறவியிலேயே இவையில்லாமல் வளர்ந்து, இனம் பெருக்கி, இருபது வயதைத் தாண்டியும் வாழ்கிறது.

எதை வைத்துச் சமாளிக்கிறது? ஒன்று, எல்லா மீன்களுக்கும் பொதுவான பழைய ஆயுதங்கள். உடம்பைப் போர்த்திய வழவழப்பான கோழையிலேயே பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் லைசோசைம் இருக்கிறது. அதைத் தாண்டி வந்தால் ரத்தத்தில் சி3. இந்தப் புரதம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வெட்டுப்பட்டதும், அதுவரை உள்ளே புதைந்திருந்த ஒரு வேதிப்பிணைப்பு வெளிப்பட்டு, எதிரே இருக்கும் பாக்டீரியாவின் பரப்பைக் கண நேரத்தில் கவ்விக்கொள்ளும். ஒட்டிய ஒன்று, அக்கம்பக்கத்து சி3களையும் வெட்ட வழி செய்யும். சற்று நேரத்தில் பாக்டீரியா முழுக்க சி3. பின்னால் வரும் புரதங்கள் வளையமாகக் கூடிச் சவ்வில் துளை போட, தண்ணீர் உள்ளே பாய்ந்து பாக்டீரியா வெடிக்கும். நம் ரத்தத்திலும் இதே ஏற்பாடுதான். ஆனால் குளிர்நீர் மீன்களில் இது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிரிலும் நடக்கிறது!

இன்னொன்று, காட் தானாகச் சேர்த்துக்கொண்டது. எம்ஹெச்சி-2இன் உறவுப் புரதமான எம்ஹெச்சி-1க்கான மரபணுக்கள் நம்மைவிடப் பல மடங்கு அதிகம், நூறு அளவில். பாக்டீரியாவின் டிஎன்ஏவை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்-9 போன்ற ஏற்பிகளும் பல பிரதிகளாகப் பெருகியிருக்கின்றன.

66 வகை மீன்களை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, காட் வகை மீன்களின் பொது மூதாதையே சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் எம்ஹெச்சி-2ஐக் கைவிட்டதாகக் காட்டியது. இத்தனை காலம் தழைத்த பரம்பரையைப் பார்த்து ‘குறைபாடு’ என்பது, என்னைக் கேட்டால், கொஞ்சம் அவசரம்.

பண்ணைகளில் காட் குஞ்சுகளுக்கு விப்ரியோ என்ற பாக்டீரியா தரும் நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ரத்தத்தைச் சோதித்தால் அந்தக் கிருமிக்கான ஆன்டிபாடி பெரிதாக ஏறியிருக்காது. ஆனாலும் பிறகு அதே விப்ரியோ தாக்கும்போது, ஊசி போட்ட மீன்கள் பிழைக்கின்றன. கிருமியை நினைவில் வைத்திருக்கும் வேலையை எது பார்க்கிறது என்பதைத்தான் இப்போது தேடுகிறார்கள்.