ஊரும் ஆட்டமும் – 9: வாசல் இல்லாத பொட்டல்

சென்ற வாரம் பார்த்த ஸ்பிடல், அயர்லாந்தின் கால்வே நகரத்துக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கிறது. வேலைக்கு நகரம், வீட்டில் ஐரிஷ், விடுமுறை நாளில் ஊர்ச் சங்கத்துக்காகக் கேலிக் கால்பந்து. ஆடுகிற யாருக்கும் சம்பளம் இல்லை. 1884-இல் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் வழக்கம் அது. ஐரிஷ் பேசும் ஊர்களுக்கென்றே 1969 முதல் தனிப் போட்டியும் உண்டு.

அதேபோல் நகரத்தை நம்பி வாழும், நம் பக்கத்துக் கல்லலுக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து மானாமதுரை போகும் ரயிலில், தேவகோட்டை ரஸ்தா தாண்டினால் கல்லல். ஜவுளி, காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் காரைக்குடிதான். தை பிறந்துவிட்டால் மட்டும் அந்த நகரமே கிராமத்தைத் தேடி வரும், கல்லல் வட்டாரத்துச் சிராவயல் பொட்டலுக்கு.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டி.வி.யில் பார்த்துப் பழகியவருக்கு சிராவயல் மஞ்சுவிரட்டு சட்டென்று பிடிபடாது. அங்கே ஒரு வாடிவாசல். மாடு ஒவ்வொன்றாக வரும். பிடித்தவர் பெயர் மைக்கில் வரும். இங்கேயும் தொழு இருக்கிறது, கோயில் மாடுதான் முதலில் வெளியே வரும். ஆனால் வந்த மாட்டுக்கு முன்னால் இருப்பது வெட்டவெளி. போதாததற்கு, தொழுவுக்கே வராத கட்டுமாடுகளைச் சுற்றிலும் வயலிலும் கண்மாய்ப் பக்கத்திலும் அவிழ்த்துவிடுவார்கள். பிடிக்க வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன், பஜ்ஜி விற்க வந்தவன் எல்லாரும் ஒரே மண்ணில் நிற்பார்கள். (இதே சிராவயலில்தான் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஆசிரமம் நடத்தினார். 1927-இல் காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்லவேளை, அது தை மாதம் இல்லை.)

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மெரினா திரண்டது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. முன் அனுமதி, மாட்டுக்கு மருத்துவச் சோதனை, இரட்டைத் தடுப்பு என்று விதிகளும் வந்தன. படித்துப் பார்த்தால், வாடிவாசலை மனதில் வைத்தே எழுதியது போலிருக்கிறது. பொட்டலின் எந்தப் பக்கம் தடுப்புக் கட்டுவது? கட்டுமாடு அவிழ்த்தவர் மேல் வழக்கு வருகிறது. அடுத்த தையிலும் மாடு அவிழ்கிறது.

இந்த விதிகள் மேல் ஊர்க்காரருக்கு உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2024 ஜனவரியில் அங்கே மாடு முட்டி இறந்த இருவரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒருவன் சிறுவன். மாடு பிடிக்கிறவன் தெரிந்து இறங்குகிறான். அந்தப் பையன் எதைத் தெரிந்து வந்தான்? வீரம், மரபு என்று இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அயர்லாந்தின் ஹர்லிங் என்ற மட்டையாட்டத்தில் மட்டை தலையைப் பதம் பார்ப்பது சகஜம். வெறுந்தலையோடு ஆடுவதுதான் ஆண்மை என்று அங்கும் பேசினார்கள். 2010-இல் எல்லாருக்கும் தலைக்கவசம் கட்டாயமானது; ஆட்டம் அழியவில்லை. அந்த விதியைப் போட்டது நீதிமன்றமல்ல, ஆட்டத்தை நடத்தும் அதே கேலிக் விளையாட்டுச் சங்கமே. சிராவயல் பொட்டலில் பிள்ளைகள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதை மாடு வரும் திசை தெரிந்த ஊரார்தான் வகுக்க முடியும். செய்யத் தவறினால் கலெக்டர் ஆபீஸ் செய்யும், வாடிவாசல் அளவில்.

வடமாடு ஏற்கெனவே அந்த வழிக்கு வந்துவிட்டது. நீளமான வடத்தில் கட்டிய ஒரு மாடு, ஒன்பது பேர் அணி, குறித்த நேரம். கூட்டம் வட்டத்துக்கு வெளியே. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இதற்குத் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். அதில் இறங்கும் புலிக்குளம் மாடுகளையும், கிடை போட்டு அவற்றை வளர்ப்பவர்களையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)