ஏற்றமும் இறக்கமும்

ஒரு மரத்தின் நலத்தை அறிய விரும்புவோன் அதன் உச்சியிற் பூத்த மலரை மட்டும் கண்டு அமைவதில்லை, வேரையும் ஆராய்வான். ஒரு நாட்டின் விளையாட்டும் அத்தகையதே. புகழ் வாய்ந்த ஓரிரு குழுக்கள் ஆண்டுதோறும் வாகை சூடுவதைக் கொண்டு, அவ்விளையாட்டு அந்நாட்டில் வளமுற்றிருக்கிறது என்று முடிவு செய்தல் பொருந்தாது. சிற்றூரில் ஆடும் எளிய குழு தன் திறமை ஒன்றையே துணையாகக் கொண்டு மேலேற வழி உண்டா என்பதையும் காணுதல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சான்றாக ஸ்காட்லாந்து நாட்டின் கால்பந்தாட்டத்தைப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்து, பிரிட்டன் தீவின் வடபால் அமைந்த மலைவளம் மிக்க நாடு. அங்கு வாழும் மக்கள் ஏறத்தாழ 55 இலட்சம் பேரே. ஆயினும் கால்பந்தாட்ட வரலாற்றில் அந்நாடு மிகத் தொன்மையான இடத்தைப் பெற்றுள்ளது. குயின்ஸ் பார்க் என்னும் கழகம் 1867-ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரில் தோன்றியது. உலகின் முதலாவது நாட்டிடைப் போட்டி 1872-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் அந்நகரிலேயே நிகழ்ந்தது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய அவ்வாட்டத்தில் இரு சாராரும் கோல் எதுவும் அடித்திலர். அக்காலத்தில், பந்து கிட்டியவன் தானே அதை உருட்டிக்கொண்டு ஓடுதல் பெருவழக்காய் இருந்தது. ஒருவர்க்கொருவர் பந்தை வழங்கி ஆடும் முறையை வளர்த்துப் பிறருக்கும் கற்பித்த பெருமை ஸ்காட்லாந்தியருக்கு உரியது. 1873-இல் கால்பந்துச் சங்கமும், 1890-இல் லீக் அமைப்பும் அங்கு நிறுவப்பெற்றன.

நிலக்கரிச் சுரங்கங்களிலும் கப்பல் கட்டும் துறைகளிலும் உழைத்த தொழிலாளர், வார இறுதியில் தம் ஊர்க் குழுவின் ஆட்டத்தைக் கண்டு களைப்பாறினர். ஊரின் பெயரே குழுவின் பெயராயிற்று. 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக் குழுவினை வழிநடத்திய ஜாக் ஸ்டீன் என்பார், இளமையில் சுரங்கத் தொழிலாளியாய் இருந்தவர். இறுதிப் போட்டியில் ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 30 மைல் எல்லைக்குள் பிறந்தவர்கள். ஊர் மண்ணில் ஊன்றிய வேரே உச்சியில் மலராய்ப் பூத்தது எனலாம்.

அந்நாட்டு லீக்கில் 42 கழகங்கள் உள்ளன. அவை நான்கு பிரிவுகளாய் வகுக்கப்பட்டுள்ளன. முதற் பிரிவில் பன்னிரண்டும், ஏனைய மூன்று பிரிவுகளிலும் பப்பத்தும் இடம் பெறும். இந்நான்கிற்கும் கீழே, வடபகுதிக் குழுக்களுக்கு 1893-இல் தோன்றிய ஹைலேண்டு லீக்கும், தென்பகுதிக் குழுக்களுக்கு 2013-இல் தோன்றிய லோலேண்டு லீக்கும் உள்ளன. ஆண்டு முடிவில் வென்றோர் ஒரு படி ஏறுவதும், தோற்றோர் ஒரு படி இறங்குவதும் இவ்வமைப்பின் நெறி. ஆனால் இந்நெறி நெடுங்காலம் அடித்தளம் வரை செல்லவில்லை. நான்காம் பிரிவில் கடைசி இடம் பெற்ற குழு, ஆண்டுதோறும் தோற்றாலும் தன் இடத்தை இழப்பதில்லை. கீழிருந்த குழு எத்துணை வெற்றி பெற்றாலும் உள்ளே புகுவதற்கில்லை. லீக்கை விரிவாக்கும்போதோ, கழகம் ஒன்று அழிந்துபோகும்போதோ மட்டுமே வாயில் சிறிது திறந்தது.

அவ்வாறு 1994-இல் திறந்த வாயில் வழியே வடபகுதிக் குழுக்கள் இரண்டு உள்ளே நுழைந்தன. ஒன்று இன்வர்னஸ் நகரத்துக் குழு. மற்றொன்று ஏறத்தாழ ஐயாயிரம் மக்களே வாழும் டிங்வால் என்னும் சிற்றூரின் ராஸ் கவுண்டி. இன்வர்னஸ் குழு 2000-ஆம் ஆண்டில் பெரும்புகழ்ச் செல்டிக் குழுவை அதன் களத்திலேயே மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றது; 2015-இல் ஸ்காட்லாந்துக் கோப்பையையும் கைக்கொண்டது. ராஸ் கவுண்டி 2016-இல் லீக் கோப்பையைப் பெற்றது. நெடுநாள் வெளியே நிறுத்தப்பட்டோரிடத்து எத்துணை ஆற்றல் மறைந்து கிடந்தது என்பதை இவ்வெற்றிகள் காட்டின அல்லவா?

2015-ஆம் ஆண்டு முதல் அவ்வாயில் முறையாகத் திறக்கப்பட்டது. ஹைலேண்டு லீக்கில் வென்ற குழுவும், லோலேண்டு லீக்கில் வென்ற குழுவும் தத்தம் களத்தில் ஒருமுறையாக இருமுறை மோதும். அதில் வென்ற குழு, நான்காம் பிரிவின் கடைசிக் குழுவோடு அவ்வாறே இருமுறை பொருதும். வென்றால் ஏற்றம், தோற்றால் பழைய இடமே. இதுவே தகுதிப் போட்டி. 2016-இல் எடின்பரோ சிட்டி என்னும் குழு, ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்னும் பழங்குழுவை வென்று இவ்வழியாக ஏறிய முதற் குழு ஆயிற்று. 2019-இல் அபர்தீன் நகரை அடுத்த கோவ் ரேஞ்சர்ஸ், பெரிக் ரேஞ்சர்ஸ் குழுவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து ஏழு கோல்களால் வென்றது. மூன்றே ஆண்டுகளில் இரண்டாம் பிரிவையும் எட்டியது. தோற்ற பெரிக் குழுவோ எளியதன்று. 1967-இல் கோப்பைப் போட்டியில் வலிமை மிக்க ரேஞ்சர்ஸ் குழுவையே வீழ்த்திய பெருமை உடையது. பழம் பெருமை இன்றைய இடத்தைக் காத்துத் தருவதில்லை.

2020-இல் பெருந்தொற்றின் காரணமாகத் தகுதிப் போட்டி நடைபெறவில்லை. தத்தம் லீக்கில் முதலிடம் பெற்றிருந்த கெல்ட்டி ஹார்ட்ஸ், புரோரா ரேஞ்சர்ஸ் ஆகிய இரண்டும் ஏறும் வாய்ப்பை இழந்தன. கடைசி இடத்தில் இருந்த பிரீக்கின் சிட்டி தப்பியது. மறு ஆண்டும் அக்குழுவே கடைசி இடத்தில் நின்றது. அப்போது அதனை வென்று ஏறியது கெல்ட்டி ஹார்ட்ஸ். ஈஸ்ட் கில்பிரைடு குழுவின் கதை இன்னும் சுவையானது. 2017-இல் அது இறுதி நிலையில் பெனால்டி உதைகளால் தோற்றது. 2024-இல் மீண்டும் போராடித் தோற்றது. 2025-இல் மறுபடியும் முயன்று வென்றது. அன்று இறங்கிய குழு பானிரிக் ரோஸ். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதே வழியாக ஏறி வந்த குழு! ஏற்றமும் இறக்கமும் சக்கரம்போல் சுழல்வதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

2015 முதல் 2025 வரை நடந்த பத்துத் தகுதிப் போட்டிகளில் ஆறு முறை கீழ்க்குழு ஏறியது. நான்கு முறை மேற்குழு தன் இடத்தைக் காத்துக்கொண்டது. எனவே வாயில் திறந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது நேர்மையாகத் திறந்துள்ளதா என்னும் வினா எஞ்சுகிறது. முதலிடம் பெற்று வந்த குழு நான்கு ஆட்டங்களில் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். கடைசி இடம் பெற்ற குழுவுக்கோ இரண்டு ஆட்டங்களே. வென்றவனுக்குத் தேர்வு மிகுதி, தோற்றவனுக்குத் தேர்வு குறைவு என்பது முறையாகுமா? தாம் இறங்க நேரிடின் வருவாய் குறையும், ஊழியர் வேலை இழப்பர் என்று மேலுள்ளோர் அஞ்சுவர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயின் அவ்வச்சத்தின் சுமையை வென்றவர் தலைமேல் ஏற்றுதல் நீதியாகாது.

மேல்நிலையிலும் இக்குறை உண்டு. முதற் பிரிவில் பதினோராம் இடம் பெற்ற குழுவை எதிர்க்க, இரண்டாம் பிரிவின் நான்காம் குழு முதலில் வேறு இரு குழுக்களை வெல்லுதல் வேண்டும். 2023-இல் பார்ட்டிக் திசில் அவ்வாறு நான்கு ஆட்டங்களைக் கடந்து ராஸ் கவுண்டியைச் சந்தித்தது. தன் ஆறாவது ஆட்டத்தில் மூன்று கோல் முன்னணி பெற்றிருந்தும், பிற்பாதியில் அதனை இழந்து, பெனால்டி உதைகளால் தோற்றது.

விரைந்து ஏறுவது மட்டுமே நலமும் அன்று. ஏறத்தாழ மூவாயிரம் மக்களே வாழும் கிரெட்னா என்னும் ஊரின் குழு, ஒரு செல்வரின் பொருளுதவியால் 2005 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஏறி முதற் பிரிவை அடைந்தது. 2006-இல் கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் சென்றது. அச்செல்வர் நோயுற்றார், உதவி நின்றது, 2008-இல் அக்கழகம் மறைந்தது. இதற்கு மாறாக, மதர்வெல், ஹார்ட்ஸ், செயின்ட் மிரன் ஆகிய கழகங்கள் ஆதரவாளரின் உடைமையாயின. சிறுதுளி சேர்ந்த பெருவெள்ளம் எளிதில் வற்றுவதில்லை.

1986 முதல் 2025 வரை நாற்பது ஆண்டுகள் முதற் பிரிவின் பட்டத்தை ரேஞ்சர்ஸ், செல்டிக் ஆகிய இரண்டன்றி வேறு எக்குழுவும் பெறவில்லை. நாட்டுக் குழுவோ 1998-க்குப் பின் உலகக் கோப்பைப் போட்டியைக் காணாதிருந்து, 2025 நவம்பரில் டென்மார்க்கை வென்று 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தகுதி பெற்றது. முன்னது கவலை தருவது. பின்னது மகிழ்ச்சி தருவது. எனினும் இவ்விரண்டும் உச்சியின் செய்திகளே. வேரின் செய்தியை, இளவேனிற்கால மாலையில் சில நூறு பேர் சூழ்ந்து நிற்க, ஒரு சிற்றூர்க் குழு தகுதிப் போட்டிக்குக் களமிறங்கும் இடத்திற்றான் காணலாம். தகுதி உடையவன் ஏற வழியும், தகுதி இழந்தவன் இறங்கி மீண்டும் முயல வழியும் உள்ள இடத்தில்தான் எத்துறையும் நலமுடன் வாழும். மாணவர்களே, இது பந்தாட்டத்திற்கு மட்டும் உரிய நீதி அன்று.