புல்லில் வாழும் தாவி

குரோம்பேட்டையில் மனைகளுக்கு இடையே புல் மண்டிய வெற்றிடங்கள் சில உண்டு. காலை வெயிலில் அங்கே பழுப்புநிறச் சிறு பூச்சியொன்று அம்பெனப் பாய்ந்து புல்நுனியில் அமரும். காண்போர் அதனை விட்டில் எனக் கருதி அகல்வர். அது விட்டில் அன்று, வண்ணத்துப்பூச்சியே. தாவித் தாவிப் பறத்தலின் அதன் இனத்தைத் ‘தாவி’ என்பர்.

பருத்த உடல், அகன்ற தலை, கொக்கிபோல் வளைந்த உணர்கொம்பு நுனி ஆகியவை இவ்வினத்தின் அடையாளங்கள். ஆயினும் புல்லுண்ணும் தாவிகள் பல. அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவற்றுள் ஒரு வகையில், ஆணின் முன்சிறகு மேற்புறத்தில் வெளிறிய சாய்கோடு ஒன்று காணப்படும். பின்சிறகின் அடிப்புறத்தில் வெண்புள்ளிகள் வளைவாக அமைந்திருக்கும். தரங்கம்பாடியிற் கிடைத்த பூச்சியைக் கொண்டு பாப்ரிசியசு என்னும் டேனிய அறிஞர் 1798ஆம் ஆண்டில் இதற்கு ‘மத்தியாசு’ எனப் பெயரிட்டார்.

தாய்ப்பூச்சி புல்லிதழில் முட்டையிடும். பச்சைநிறப் புழு இலையோரங்களைப் பட்டிழையால் இணைத்துக் குழலாக்கி, அதனுள் மறைந்து வாழும். நெல்வயலில் மிகுந்தால் அஃது உழவர்க்குப் பகை. வெற்றிடத்துப் புல்லிலோ எவர்க்கும் கேடில்லை.

குரோம்பேட்டையைச் சூழ்ந்திருந்த ஏரிப்பாசன வயல்கள் வீடுகளாயின. நெல் போயினும் புல் இதனைக் காக்கின்றது. அப்புல்லையும் முற்றக் களைந்துவிட்டால், தோட்டத்தில் எத்துணைத் தேன் இருப்பினும் புழுவுக்கு உணவில்லை. ஆதலின், பூச்செடி வளர்ப்போர் ஓரத்தில் சிறிது புல்லையும் வளரவிடுதல் நன்று.